இயக்குநரும் இயக்கமுறைமையும்

சென்ற ஆண்டு நமது மன்ற மண்டபத்திலே சனிக்கிழமை மாலைகளிற் கணினி அறிமுக வகுப்பொன்று நடைபெற்றதை அன்பர்கள் அறிவர். அன்பர் ஒருவர் உவந்தளித்த பழைய கணினிகள் மூன்றும், பண்ணிசை வகுப்புக்கென இருந்த வாங்குகள் சிலவுமே அவ்வகுப்பின் முழு முதல். கற்பிக்கும் பொறுப்பு, பல்கலைக்கழகத்திலே பயிலும் எம்மிற் சிலர் தலையில் விழுந்தது. கற்க வந்தோரிற் பாதிப்பேர் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள். மறுபாதி எம் பெரியோர்கள்.

முதல் நாள் நாம் செய்தது, எமக்கு எவ்வாறு கற்பிக்கப்பட்டதோ அவ்வாறே கற்பித்தமைதான். "இதை அழுத்துங்கள், இங்கே இரண்டுமுறை தட்டுங்கள், இப்பெயரை எழுதுங்கள்" என்று சொல்லிக்கொண்டு போனோம். முன்வாங்கிலே ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இருந்தார். ஊரார் அவரை மாஸ்ரர் என்றே அழைப்பர். அவர் கையை உயர்த்தி, "தம்பி, நீர் சொல்லுறமாதிரி நான் அமத்துறன், அது செய்யுது. ஆனால் உதுக்குள்ள ஆர் இருந்து உதைச் செய்யினம் எண்டு ஒருக்காச் சொல்லும் பாப்பம்" என்றார்.

பிள்ளைகள் சிரித்தனர். "இயக்கமுறைமை செய்கிறது, மாஸ்ரர்" என்றோம். "அது பேர். நான் ஆளையெல்லோ கேட்டனான்" என்றார் அவர். எமக்குச் சிரிப்பு வரவில்லை. விடை தெரியாதவனுக்குச் சிரிப்பு எங்கிருந்து வரும்?

அக்கேள்வியின் பின்னே சென்று நாம் படித்தறிந்தவற்றையே ஈண்டு எழுத முற்படுகின்றோம். படித்தபொழுது கண்டது இது: மாஸ்ரர் கேட்டதே சரியான கேள்வி. ஒரு காலத்தில் உண்மையாகவே ஓர் ஆள் இருந்தார். அவருக்கு இயக்குநர் என்று பெயர். பேச்சுவழக்கில் ஒப்பறேற்றர் என்கின்றோமே, அவரேதான். எமது பாடநூல்கள் பணிசெயல் முறைமை என்றும், தமிழகத்தார் இயக்கமுறைமை, இயங்குதளம் என்றும் வழங்கும் சொற்கள் யாவும் குறிப்பது ஒன்றையே. ஆயினும் வரலாற்றை நோக்குமிடத்து இயக்கமுறைமை என்ற பெயரே பொருத்தமாகத் தோன்றுகின்றது. இயக்குநர் என்ற மனிதரின் வேலையை ஒவ்வொன்றாக வாங்கிக்கொண்டு வளர்ந்த முறைமையன்றோ அது!

இங்கிலாந்திலே கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் மோரிஸ் வில்க்ஸ் என்பாரும் அவர் கூட்டத்தாரும் அமைத்த எட்சாக் என்னும் கணினி, 1949ஆம் ஆண்டு மே மாதம் 6ஆந் தேதி தன் முதற் கணக்கைச் செய்தது. ஏறத்தாழ 3,000 வால்வுகள் கொண்டு ஓர் அறையை நிறைத்து நின்ற இயந்திரம் அது. கணக்குச் செய்விக்க விரும்பியோர் தம் கட்டளைகளைக் காகித நாடாவிலே துளைகளாக இட்டுக் கொண்டுவருவர். அந்நாடாக்களைத் தொங்கவிடுவதற்கு இயந்திரத்தின் அருகே ஒரு கொடி கட்டியிருந்தார்கள், நம் வீட்டு முற்றத்தில் உடுப்புக் காயவிடும் கொடியைப் போல. இயக்குநர் அதிலிருந்து அடுத்த நாடாவை எடுப்பார், இயந்திரத்திற் கொடுப்பார், அச்சாகி வந்ததை நாடாவுடன் சேர்த்து உரியவரிடம் திருப்புவார். ஒன்றும் அச்சாகாமல் இயந்திரம் நின்றுவிட்டால், நினைவகத்தின் எந்த இடத்தில் நின்றது என்பதைக் குறித்துக் கொடுப்பார். இன்று அச்சுப்பொறிக்கு நாலு கோப்புகளை அனுப்பினால் அவை வரிசையிற் காத்திருக்கின்றனவே, அவ்வரிசையின் மூதாதை அந்தக் கொடிதான்.

அவ்வியந்திரத்தில் இன்னொன்றும் இருந்தது. நாடாவை வாசிக்கவேண்டும் என்பதையே இயந்திரத்துக்கு யார் சொல்வது? நினைவகமோ தொடக்கத்தில் வெறுமை. இதற்கு டேவிட் வீலர் என்ற இளைஞர் 31 கட்டளைகள் மாத்திரம் கொண்ட ஒரு சிறு தொகுதியை எழுதினார். அது தொலைபேசி நிலையங்களிற் பயன்பட்ட ஆளிகளிலே நிரந்தரமாகப் பதிக்கப்பட்டது. தொடங்கும் பொத்தானை அழுத்தியதும் அக்கட்டளைகள் நினைவகத்துள் இறங்கும். அவை நாடாவை வாசிக்கும். பின்னர் நாடாவில் உள்ளது ஆட்சிக்கு வரும். இன்று நாம் கணினியின் ஆளியை அழுத்திவிட்டுத் திரை விழிக்கும்வரை பொறுத்திருக்கும் வேளையிலும் நடப்பது இதுவே. பலகையிற் பதிந்த ஒரு சிறு நிரல் முதலில் எழுகின்றது. அது வன்தட்டிலுள்ள இயக்கமுறைமையைத் தேடிப்பிடித்து நினைவகத்துக்குக் கொணர்ந்து, ஆட்சியை அதன் கையிற் கொடுத்துவிட்டு ஒதுங்குகின்றது. "ஏன் இவ்வளவு நேரம்?" என்று கேட்ட பிள்ளைகளுக்கு இதைச் சொன்னபின்னர் அவர்கள் பொத்தானை மறுபடி மறுபடி அழுத்துவதை விட்டார்கள்.

இடையிலே ஒரு செய்தி. எட்சாக்குக்குப் பணவுதவி செய்து, அதைப் பார்த்துத் தமக்கும் ஒரு கணினி அமைத்து, 1951இல் வியாபாரக் கணக்கைக் கணினியில் முதன்முதற் செய்தவர்கள் யார் தெரியுமா? இலண்டனிலே தேநீர்ச்சாலைகள் நடத்திய லயன்ஸ் கம்பனியார். தேயிலை விளையும் நாட்டவராகிய நாம் இதை அறிந்து வைத்திருப்பது நன்று.

அமெரிக்காவிலே கதை வேறுவிதமாய்ச் சென்றது. அங்கு ஐ.பீ.எம். கம்பனியின் இயந்திரங்களைப் பெரிய தொழிலகங்கள் வாடகைக்கு எடுத்திருந்தன. கணக்குச் செய்ய வருபவர் நேரம் பதிந்துகொண்டு வந்து, அட்டைக்கட்டை வைத்து, நாடாவை மாட்டி, ஆளிகளைச் சரிசெய்து முடிப்பதற்குள் அவர் நேரத்திற் பெரும்பகுதி கழிந்துவிடும். அவ்வேளையெல்லாம் பெரும் வாடகை கொடுத்து எடுத்த இயந்திரம் சும்மா நிற்கும். இதைப் பொறாத இருவர், ஜெனரல் மோட்டோர்ஸ் ஆய்வகத்து றொபேட் பற்றிக் என்பவரும் நோர்த் அமெரிக்கன் ஏவியேஷன் என்னும் விமானக் கம்பனியின் ஓவன் மொக் என்பவரும், 1956இல் ஐ.பீ.எம். 704 என்ற இயந்திரத்துக்கு ஒரு நிரல் அமைத்தனர். ஒரு வேலை முடிந்ததும் மனிதர் கைபடாமலே அடுத்த வேலையை எடுத்துத் தொடங்குவது அதன் பணி. வேலைகொண்டு ஓடிய முதல் இயக்கமுறைமை என்று வரலாற்றாசிரியர் பலர் இதனையே கூறுவர். கார் செய்பவரும் விமானம் செய்பவரும் தம் தேவைக்குச் செய்துகொண்டனரேயன்றிக் கணினி விற்றவர் செய்து கொடுக்கவில்லை என்பது கவனிக்கத்தக்கது.

இயந்திரம் ஓய்வின்றி உழைத்தது. ஆனால் மனிதன் வெளியே போனான்! இதுதான் எம் வரலாற்றின் முதற் பெரிய திருப்பம். கணினி குளிரூட்டிய அறைக்குள் அடைக்கப்பட்டது. உள்ளே போக இயக்குநருக்கே உரிமை. மற்றையோர் கச்சேரி யன்னலில் மனுக் கொடுப்பதுபோல அட்டைக்கட்டைக் கொடுத்துவிட்டுப் போய், மறுநாள் வந்து விளைவைப் பெறவேண்டும். ஓர் அட்டையில் ஒரு காற்புள்ளி தவறியிருந்தால் விளைவு இல்லை. திருத்திக் கொடுத்துவிட்டு இன்னொரு நாள் காத்திருக்கவேண்டும்.

இதைப் படித்தபோது நாம் பயின்ற மிஷன் பாடசாலையின் கணினி அறை எம் கண்முன் வந்தது. அதன் கதவுக்கு இரண்டு பூட்டு. வாரத்தில் ஒரு பாடவேளை, வாசலிலே சப்பாத்தைக் கழற்றி வரிசையாக வைத்துவிட்டு உள்ளே போவோம். கோயிலுக்கு அடுத்தபடியாக நாம் காலணி கழற்றிய இடம் அதுவே. ஒரு கணினிக்கு மூவர். ஒருவர் தொட, இருவர் பார்ப்பர். "தேவையில்லாமல் ஒன்றையும் அமத்தக்கூடாது" என்பதே முதற் பாடம். பாடம் நடத்தியவரைக் குறை கூறுவதற்கில்லை. ஒன்று பழுதானால் பதில் சொல்லவேண்டியவர் அவர். ஆயினும் அமெரிக்கர் 1950களில் மூடிய கதவு, எம் ஊரில் அதற்கு அறுபது ஆண்டுகளின் பின்னும் மூடியே இருந்தது என்பதை நினைக்கையில் மனம் ஆறவில்லை.

கதவு அங்கே எவ்வாறு திறந்தது? கிறிஸ்தோபர் ஸ்ற்றேச்சி என்ற ஆங்கிலேயர் 1959இலே பாரிஸ் மாநாடொன்றில், ஓர் இயந்திரத்தின் நேரத்தைப் பகிர்ந்து பயன்படுத்தலாம் என்று எடுத்துரைத்தார். அமெரிக்காவிலே ஜோன் மக்கார்த்தியும் அதனையொத்த எண்ணத்தை முன்வைத்தார். மசாச்சுசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்திலே பெர்னாண்டோ கோர்பற்றோ என்பார் 1961 நவம்பரில் அதனைச் செய்தே காட்டினார். அதன் சூட்சுமம் யாதெனின், பந்தியிலே பரிமாறுவதை ஒத்தது. நூறு பேர் இலைபோட்டு இருக்க, சோற்றுவாளி ஒன்றே. பரிமாறுபவர் ஒருவரிடமே நின்றுவிடாமல் ஒவ்வோர் இலைக்கும் ஓர் அகப்பை இட்டு நடக்கின்றார். முதல் இலை வெறுமையாகுமுன் திரும்பி வந்துவிடுகின்றார். எல்லோரும் தமக்கே பரிமாறப்படுவதாக நினைந்து உண்கின்றனர். கணினியில் அந்நடையை நடத்துவது ஒரு மணிக்கூடு. குறித்த சிறுநேரம் கழிந்ததும் அது குறுக்கிடும். நடக்கும் வேலை நிறுத்திவைக்கப்படும். ஆட்சி இயக்கமுறைமையிடம் மீளும். அது அடுத்தவரை அழைக்கும். இன்று ஒரே கணினியிலே பாட்டும் கேட்டுக் கடிதமும் எழுதுகின்றோமெனில் அதே மணிக்கூடுதான் உள்ளே அடித்துக்கொண்டிருக்கின்றது.

பலர் ஓர் இயந்திரத்திற் கூடியதும் பல முறைகள் தேவையாயின. இன்னாருடைய எழுத்து இன்னாருக்கு என்று பிரித்து வைக்கவேண்டும். ஆகவே ஒவ்வொருவருக்கும் தனிக் கோப்புகள் வந்தன. வந்தவர் இன்னார்தான் என்று அறியவேண்டும். ஆகவே கடவுச்சொல் வந்தது. கடவுச்சொல் வந்த கையோடு அதைக் களவாடுதலும் வந்தது! 1962ஆம் ஆண்டு அலன் ஷேர் என்னும் ஆராய்ச்சி மாணவர், தமக்கு ஒதுக்கிய வாரம் நாலு மணிநேரம் போதாமையால், எல்லாருடைய கடவுச்சொற்களும் அடங்கிய கோப்பை அச்சிடுமாறு துளையட்டை மூலம் கட்டளை கொடுத்து, மறுநாட் காலை சென்று அச்சுத்தாளை எடுத்துக்கொண்டார். பல ஆண்டுகளின் பின் அவரே இதனை ஒப்புக்கொண்டார்.

1966இல் நடந்தது இதனினும் விநோதம். பராமரிப்பாளர் இருவரில் ஒருவர் அன்றைய அறிவித்தலையும் மற்றவர் கடவுச்சொற் கோப்பையும் ஒரே வேளையிலே திருத்திக்கொண்டிருந்தனர். திருத்தும் நிரல் தன் தற்காலிகக் கோப்புக்கு எப்போதும் ஒரே பெயரையே இடும் வழக்கமுடையது. ஒருவரே அதை நடத்துவார் என்று எண்ணி அமைத்தது. இரு கோப்புகளும் இடம் மாறின. அதன்பின் உள்நுழைந்த ஒவ்வொருவர் முன்னும் அறிவித்தலுக்குப் பதிலாக எல்லார் கடவுச்சொல்லும் விரிந்தது. கோர்பற்றோ பின்னாளில் ரூறிங் விருது பெற்றபோது ஆற்றிய உரையில் இக்கதையை மறையாமற் சொன்னார். தம் பிழையைத் தம் புகழ்மேடையிலே எடுத்துச் சொன்ன அப்பண்பு எமக்குப் பெரிதாகத் தோன்றியது.

மூன்றாவதொரு தேவையும் எழுந்தது. ஒருவருடைய நிரல் தவறினால் மற்றவருடைய வேலை குலையக் கூடாது. இங்கிலாந்தின் மான்செஸ்ரர் நகரிலே 1962இல் தொடங்கப்பெற்ற அற்லஸ் என்ற கணினியில் மேற்பார்வையாளர் என்றே பெயர் பெற்ற ஒரு நிரல் இருந்தது. இயந்திரத்தின் உறுப்புகளை நேரே தொடும் உரிமை அதற்கே. ஏனைய நிரல்கள் அதனிடம் கேட்டே பெறவேண்டும். இந்த வேலி நாளடைவில் எல்லாக் கணினிகளுக்கும் வந்தது. வீட்டுக் கணினிகளுக்கு மாத்திரம் மிகப் பிந்தியே வந்தது.

நாம் வகுப்பிலே கண்ட அச்சம் அனைத்துக்கும் விடை இவ்விடத்தே கிடைக்கின்றது. "பிழையா அமத்தினாக் கெட்டுப்போகுமோ, பிள்ளை?" என்று கேளாத பெரியோர் இல்லை. வேலி இருக்கின்றது, ஒரு விசையைத் தவறாகத் தட்டுவதால் இயந்திரம் கெடுவதில்லை. கெடக்கூடியவை வேறு. கார்த்திகை மாதத்து மழைநாளொன்றில், பத்தாம் வகுப்பு மாணவியொருத்தி ஒரு மணிநேரமாகத் தட்டெழுதிய கட்டுரை மின்சாரம் போனதும் ஒரு கணத்தில் மறைந்தது. அவள் அழுதாள். நாம் "சேமி" என்ற பொத்தானை முதல் நாளே காட்டியிருந்தோம். ஏன் என்று சொல்லவில்லை. நினைவகம் மின்னோட்டம் உள்ளவரையே நினைக்கும்; வன்தட்டோ மின் போனபின்னும் வைத்திருக்கும்; ஒன்றிலிருந்து மற்றதற்குப் பெயர்த்து எழுதுவதே சேமித்தல். இத்தனையும் சொல்ல இரண்டு நிமிடம் போதும். அந்த இரண்டு நிமிடத்தை நாம் கொடுக்கவில்லை. கணினியை நிறுத்துமுன் "நிறுத்து" என்று கட்டளையிட்டுப் பொறுக்கவேண்டியதும் இதன்பொருட்டே. வன்தட்டு மெதுவானது, ஆதலின் இயக்கமுறைமை எழுதவேண்டியதிற் சிலவற்றை நினைவகத்தில் வைத்துக்கொண்டு சமயம் பார்த்து எழுதும். திடீரென மின்னைப் பிடுங்கினால் எழுதாமல் நின்றது நின்றதுதான்.

மீண்டும் கதைக்கு வருவோம். கோர்பற்றோ அடுத்து மல்ற்றிக்ஸ் என்னும் மாபெரும் முறைமையொன்றைத் தொடங்கினார். கோப்புறைக்குள் கோப்புறையாக, மரத்தைத் தலைகீழாய் நட்டாற்போற் கிளைத்துச் செல்லும் கோப்பமைப்பு அதிலேதான் உருப்பெற்றது. ஆனால் வேலை வளர்ந்து வளர்ந்து முடியாமற் போகவே, பங்காளியாயிருந்த பெல் ஆய்வுகூடத்தார் 1969இல் விலகினர். அவ்வாய்வுகூடத்தில் வேலையற்று நின்றவர்களில் ஒருவர் கென் தொம்சன். அப்போது வயது இருபத்தாறு. அவர் விண்வெளிப் பயணமாக ஒரு விளையாட்டை எழுதியிருந்தார். பெரிய கணினியில் அதை ஒருமுறை ஆட ஏறத்தாழ 75 டொலர் நேரச் செலவு. ஆகவே மூலையிற் கிடந்த பீ.டீ.பீ.-7 என்ற சிறு கணினிக்கு அதனை மாற்றினார். மாற்றும் வேலைக்காகச் செய்த கருவிகள் பெருகின. அவ்வாண்டு கோடையில் மனைவியார் குழந்தையுடன் உறவினர் வீட்டுக்குச் சென்றிருந்த மூன்று வார காலத்தில், தொம்சன் ஒரு முழு இயக்கமுறைமையை எழுதி முடித்தார். அதுவே யூனிக்ஸ். மல்ற்றிக்ஸின் "பல" என்பதைக் கேலிசெய்து "ஒன்று" என்று வைத்த பெயர் அது.

பெரிய குழு பல ஆண்டு செய்தும் முடியாததை ஒருவர் மூன்று வாரத்திற் செய்தார் என்று சொல்வது தவறாகும். மல்ற்றிக்ஸிலே பெற்ற பாடம் இல்லையேல் யூனிக்ஸ் இல்லை. தொம்சனோடு டெனிஸ் றிச்சி சேர்ந்தார். சீ என்னும் நிரல்மொழியை ஆக்கினார். 1973இல் யூனிக்ஸ் அம்மொழியிலே திருப்பி எழுதப்பட்டது. அதுவரை இயக்கமுறைமை ஒவ்வோர் இயந்திரத்தோடும் பிறந்து அதனோடே இறந்தது; இதன்பின் ஓர் இயந்திரத்திலிருந்து இன்னொன்றுக்குக் குடிபெயர வல்லதாயிற்று. இதற்குப் புதிய கணினி வாங்கப் பணம் எவ்வாறு பெற்றார்கள் என்பதும் சுவையானது. "இயக்கமுறைமை ஆராய்ச்சி" என்று கேட்டால் மேலிடம் கொடுக்காது, மல்ற்றிக்ஸிலே கைசுட்டவர்கள். "காப்புரிமை விண்ணப்பங்களைத் தட்டெழுத உதவுவோம்" என்று கேட்டு வாங்கினார்கள். ஆகவே அம்முறைமையின் முதல் வாடிக்கையாளர் ஆய்வுகூடத்தின் காப்புரிமைப் பகுதியினரே. ஆய்வுகூடத்தின் உரிமையாளராகிய தொலைபேசிக் கம்பனி, 1956இல் நீதிமன்றத்தில் ஏற்ற உடன்பாட்டின்படி கணினி வியாபாரத்தில் இறங்க இயலாதிருந்தது. அதனால் யூனிக்ஸ் சிறு கட்டணத்துக்குப் பல்கலைக்கழகங்களுக்குச் சென்றது. ஒரு தலைமுறை மாணவர் அதன் உள்ளே புகுந்து வாசித்தனர்.

வீட்டுக் கணினியின் கதையைச் சுருங்கச் சொல்வோம், அது பலரும் அறிந்ததாகலின். 1974இலே கரி கில்டோல் சிறு கணினிகளுக்குச் சீ.பீ.எம். என்ற முறைமையை எழுதினார். அதன் சாயலிலே சியாற்றிலில் ரிம் பற்றர்சன் 1980இல் ஒன்றை எழுத, அதனை மைக்ரோசொப்ட் கம்பனி மொத்தம் ஒரு லட்சம் டொலரையும் எட்டாத விலைக்கு வாங்கி, 1981 ஓகஸ்டில் வெளிவந்த ஐ.பீ.எம். கணினியோடு டொஸ் என்ற பெயரில் உலாவவிட்டது. எம் மாணவரொருவர், "வன்தட்டுக்கு ஏன் சீ என்று பெயர்? ஏயும் பீயும் எங்கே?" என்று கேட்டார். அவை இரண்டும் நெகிழ்வட்டுகளுக்கு உரியன. 1983இலே வன்தட்டுடன் வந்த ஐ.பீ.எம். கணினியில் அதற்கு மூன்றாம் எழுத்தே எஞ்சியது. நெகிழ்வட்டுகள் மறைந்தன, அவற்றின் இடம் இன்றும் காலியாகவே இருக்கின்றது, இறந்தவரின் கதிரையில் ஒருவரும் இருக்காத வீட்டைப்போல.

சுட்டியை டக்ளஸ் எங்கல்பார்ட் 1968 டிசம்பர் 9ஆந் தேதி சன் பிரான்சிஸ்கோவிலே சபையறியக் காட்டினார். சிறொக்ஸ் ஆய்வுகூடத்தார் 1973இல் அதனைத் திரைச் சாளரங்களோடு இணைத்தனர். அப்பிள் 1984இல் மக்கின்ரொஷ் கணினியிலும், மைக்ரோசொப்ட் 1985இல் விண்டோஸிலும் அவ்வழியைப் பின்பற்றி விற்றன. மேசை, கோப்புறை, குப்பைத்தொட்டி என்று கந்தோர்ப் பொருள்களைத் திரையிலே வரைந்ததாற் கற்பது எளிதாயிற்று என்பது உண்மை. ஆனால் படத்தை அறிந்தவர் பொருளை அறிந்தவராக எண்ணிக்கொள்ளவும் அதுவே இடமளித்தது. படம் இடம் மாறினாற் கை தடுமாறுகின்றது. அடுத்த பதிப்பு வந்தால் மறுபடி முதலாம் வகுப்பு.

1991ஆம் ஆண்டு ஓகஸ்ட் 25ஆந் தேதி, பின்லாந்தின் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராகிய லினஸ் தோர்வால்ட்ஸ், தாம் ஓர் இயக்கமுறைமை எழுதிவருவதாகவும் அது பொழுதுபோக்கே என்றும் உலகத்துக்கு அறிவித்தார். வயது இருபத்தொன்று. எம்மை ஒத்த வயதினர் என்பதால் இவ்விடத்தை நாம் இரண்டுமுறை வாசித்தோம். றிச்சர்ட் ஸ்ரோல்மன் என்பார் 1983இலேயே, எவரும் பார்க்கவும் திருத்தவும் பகிரவும் உரிமையுள்ள முறைமையொன்றைத் தொடங்கி, கரு ஒழிந்த ஏனைய உறுப்புகளைப் பெரும்பாலும் ஆக்கியிருந்தார். லினஸின் கரு அவற்றோடு பொருந்திற்று. லினக்ஸ் என்ற அக்கருவே 2008 முதல் வந்த அன்ட்றொயிட் கைத்தொலைபேசிகளின் உள்ளும் இருப்பது. கணினி தமக்குத் தெரியாது என்று சொல்லும் பெரியோர் பலர், சட்டைப்பையில் யூனிக்ஸின் பேரப்பிள்ளையை வைத்துக்கொண்டே அதைச் சொல்கின்றனர்.

இதில் எமக்கு நேரே பட்ட பயனும் உண்டு. மண்டபத்துக் கணினிகளில் இருந்தது விண்டோஸ் 10. அதற்கான பொது ஆதரவை மைக்ரோசொப்ட் 2025 ஒக்ரோபர் 14உடன் நிறுத்திவிட்டது. அடுத்த பதிப்பை ஏற்கும் தகுதி அப்பழைய இயந்திரங்களுக்கு இல்லை. இயந்திரம் நன்றாயிருக்கவே அதற்கு ஆயுள் முடிந்தது என்று பிறர் சொல்லக் கேட்பது கசப்பாயிருந்தது. ஒன்றில் லினக்ஸை இட்டோம். பத்தாம் வகுப்பார் திரை மாறியதும் திகைத்தனர். மாஸ்ரர் திகைக்கவில்லை. "கோப்பு எங்க, சேமிக்கிறது எங்க, நிப்பாட்டுறது எங்க? மிச்சம் நான் பாக்கிறன்" என்றார். கதையைக் கேட்டிருந்தவர் அவர்.

அந்தக் கணினியிலேதான் அவர் தமது பழைய இறுவட்டொன்றைத் திறக்கச் சொன்னார். 2004ஆம் ஆண்டில் நம் ஊர்க் கோயில்கள் பற்றி அவர் எழுதித் தட்டெழுதுவித்த கட்டுரை அதில் இருந்தது. திறந்தாற் தமிழ் இல்லை. ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக ஒரே குழப்பம். அவர் முகம் வாடியது. காரணம் இதுதான்: அக்காலத்தில் எம்மவர் பெரிதும் பயன்படுத்திய பாமினி போன்ற எழுத்துருக்கள், ஆங்கில எழுத்துகளின் எண்களுக்கே தமிழ் உருவங்களை வரைந்து வைத்தவை. உரிய எழுத்துரு இருந்தால் தமிழாய்த் தோன்றும். இல்லையேல் உள்ளபடியே தோன்றும். தமிழுக்கென்று தனி எண்கள் 1991இலேயே யுனிகோட் அட்டவணையில் ஒதுக்கப்பட்டன. விண்டோஸிலே அவை 2000ஆம் ஆண்டுப் பதிப்பிலேதான் வந்தன. எம் அச்சகங்களின் பழக்கத்துக்கு வர அதன்பின்னும் வெகுகாலம் சென்றது. கட்டுரை அழியவில்லை, வேற்றெண்ணில் ஒளிந்திருந்தது. மாற்றும் நிரலொன்றாற் பெயர்த்தோம். கொம்பும் காலும் சில இடங்களில் இடறின. அவற்றை மாஸ்ரர் தாமே இருந்து ஒவ்வொன்றாய்த் திருத்தினார், திருத்துந்தோறும் சேமித்தார்.

அவருக்கென்று தனிக் கணக்கும் கடவுச்சொல்லும் அமைத்துக் கொடுத்திருந்தோம். கடவுச்சொல்லை எமக்கும் சொல்லவில்லை. கோர்பற்றோவின் கதையைச் சொன்னதன் பலன். தைப்பொங்கல் விடுமுறை கழிந்து வந்தபோது அதைத் தாமே மறந்துவிட்டார். "உள்ளுக்கு எழுதித்தானே வைச்சிருக்கும், எடுத்துத் தாரும்" என்றார். எடுக்க இயலாது என்றோம். கேம்பிரிட்ஜிலே, நாடாக்கள் கொடியில் தொங்கிய அதே ஆய்வுகூடத்தில், றொஜர் நீடம் என்பார் 1960களிற் கண்ட உபாயம் அது: கடவுச்சொல்லை எழுதி வைக்காமல், அதனை மீளாவழியில் உருமாற்றி அவ்வுருவை மாத்திரம் வைத்தல். சொல்லிலிருந்து உருவுக்குப் போகலாம். உருவிலிருந்து சொல்லுக்குத் திரும்ப இயலாது. யூனிக்ஸ் இதனை ஏற்றது. அதன் பிள்ளைகளும் ஏற்றன. கோப்பு முழுவதையும் அச்சிட்டு எடுத்தாலும் இன்றைக்கு ஒரு ஷேர் அதை எளிதில் வாசிக்க முடியாது.

"அப்ப என்ன செய்யிறது?"

"நிர்வாகி என்று ஒரு கணக்கு உண்டு, மாஸ்ரர். அவருக்கு வேலியில்லை. பழையதைப் பார்க்க அவராலும் முடியாது, புதியதொன்றை வைத்துத் தரலாம்" என்று சொல்லி, எம் கணக்கால் உள்நுழைந்து, இரண்டு வரி தட்டினோம்.

மாஸ்ரர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே எம்மைப் பார்த்தார். "ஒப்பறேற்றர் போட்டார் எண்டெல்லோ தம்பி சொன்னனீர்?" என்றார்.